சிறுவர்கள் கொலை வரை போவது ஏன்? 'சமூகத்தின் பொறுப்பு' என்றால் யார், எப்போது, எதைச் செய்ய வேண்டும்?

கேள்வி: கரைவேலி

பத்து, பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவரைக் கொன்றுவிட்டது என்று செய்தி வந்தால், அதன்பின் எழும் பேச்சு இரண்டே தடத்தில்தான் ஓடுகிறது. 'வயதைப் பார்க்காதே, செயலைப் பார். பெரியவர்களுக்குள்ள தண்டனையையே கொடு' என்பது ஒன்று. 'பிள்ளைமேல் என்ன தப்பு, சமூகம்தான் குற்றவாளி' என்பது மற்றது. எனக்கு இரண்டாவது பக்கம் சாய்வு உண்டு. ஆனால் 'சமூகம்' என்று சொன்ன மறுகணம் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. எல்லார்மேலும் போட்ட பழி ஒருவர்மேலும் விழுவதில்லை.

ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து நடத்தும் வாசிப்பு வட்டத்துக்காகக் கேட்கிறேன். காரணங்களைப் பற்றி ஆய்வுகள் உறுதியாகச் சொல்வது எவ்வளவு? முன்கூட்டியே தெரியுமா, தெரிந்தால் பள்ளி என்ன செய்யலாம்? நடந்துவிட்ட பிறகு அந்தப் பிள்ளையைப் பொறுப்பேற்க வைப்பதும் சமூகம் தன் பங்கை ஏற்பதும் எப்படிச் சேர்ந்து நடக்கும்? பொதுவான அறிவுரை வேண்டாம். எந்த வயதில், யார், எதை, எவ்வளவு காலம் என்ற அளவில் சொன்னால் நன்றாக இருக்கும்.


பதில்: ஆழிமணல்

முதலில் ஒரு உண்மை, பலரும் எதிர்பார்க்காதது. மனிதர்கள் உடலால் அதிகம் தாக்கும் வயது பதினாறோ பதினெட்டோ இல்லை. இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள். அடிப்பது, கடிப்பது, பிடுங்குவது, தள்ளுவது எல்லாம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. கனடாவின் மாண்ட்ரியலில் ரிச்சர்ட் திராம்ப்ளேயும் அவருடைய குழுவும் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து காட்டியது இதைத்தான். பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிப் பருவத்துக்குள் அதைக் கைவிடப் பழகிவிடுகிறார்கள். ஒரு சிறு பங்கினர் பழகுவதில்லை. அதனால் 'இவன் வன்முறையை எங்கே கற்றான்' என்று தேடுவதைவிட, 'அதை விடப் பழக்கும் வேலை எந்த இடத்தில் அறுந்தது' என்று தேடினால் பதில் கிடைக்கும்.

அது அறுகிற விதத்தை அமெரிக்காவின் ஆரிகனில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் வீடுகளுக்குள்ளேயே போய் அவதானித்து எழுதினார். பிள்ளை ஒன்றைக் கேட்கிறது, பெரியவர் மறுக்கிறார். பிள்ளை கத்துகிறது, பெரியவரும் குரலை உயர்த்துகிறார். பிள்ளை பொருளை வீசுகிறது, பெரியவர் சலித்துப்போய்க் கொடுத்துவிடுகிறார். இன்னும் ஒரு படி ஏறினால் கிடைக்கும் என்பது பிள்ளைக்குப் பாடமாகிறது. இன்னொரு நாள் பெரியவர் பொறுமையிழந்து அறைகிறார், பிள்ளை அந்த நேரத்துக்கு அடங்குகிறது. அறைந்தால் அடங்கும் என்பது பெரியவருக்குப் பாடமாகிறது. இருவரும் ஒருவரையொருவர் ஏற்றிவிட்டுக்கொண்டே போகிறார்கள். இதே பிள்ளை ஆறு வயதில் வகுப்பறைக்குள் நுழையும்போது மற்றப் பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள். பத்து வயதில் ஒதுக்கப்பட்டவர்களோடு மட்டுமே அதற்குச் சேர்க்கை அமைகிறது.

மூன்று முதல் எட்டு வயது வரை இந்தச் சுழலை உடைப்பது ஒப்பீட்டளவில் எளிது. பெற்றோருக்கு வாரம் ஒருமுறை, ஏறத்தாழ 12 முதல் 14 வாரங்கள் பயிற்சி. உள்ளடக்கம் சாதாரணமாகத்தான் தெரியும்: நல்ல செயலைச் செய்த அந்த நொடியிலேயே என்ன செய்தாய் என்று பெயர் சொல்லிப் பாராட்டுவது, கட்டளையை ஒரே வாக்கியத்தில் ஒருமுறை சொல்வது, சின்னச் சிணுங்கலைக் கண்டுகொள்ளாமல் விடுவது, மீறினால் ஒவ்வொரு முறையும் அதே சிறிய விளைவை மாற்றாமல் தருவது. பயிற்சி தோற்பது பெரும்பாலும் உள்ளடக்கத்தால் அல்ல. இரவுப் பணி, குடும்பத்துக்குள் அடிதடி, தாயின் மனச்சோர்வு ஆகியவற்றால் பெற்றோர் நான்காவது வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டில் தாயே அடிவாங்கிக்கொண்டிருக்கும்போது அவருக்குப் பிள்ளை வளர்ப்பு வகுப்பு எடுப்பதில் பயனில்லை. முதலில் அவருடைய பாதுகாப்பு, பிறகுதான் வகுப்பு.

அதற்கும் முந்தைய கட்டத்துக்கு நல்ல சான்று ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் டேவிட் ஓல்ட்ஸ் 1970களின் இறுதியில் தொடங்கிய திட்டத்தில், முதல் பிள்ளையைக் கருவுற்ற பெண்களின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் தொடர்ந்து சென்றார். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை. பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள் கைதானது குறைவாக இருந்தது. செவிலியர் வன்முறையைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. கர்ப்பகாலக் குடியும் புகையும், பிள்ளையின் அழுகையைப் படித்தறிவது, தாயின் வேலையும் படிப்பும், இவற்றைத்தான் பார்த்தார்.

அடுத்து, எல்லாச் சிறுவர் குற்றத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது. 1993இல் உளவியலாளர் டெரி மாஃபிட் பிரித்துக்காட்டிய இரண்டு தடங்கள் இன்றும் பயன்படுகின்றன. ஒன்று, சிறு வயதிலேயே தொடங்கி நீடிப்பது. இதில் வருபவர்கள் மிகச் சிலர். நரம்பு வளர்ச்சிக் குறைபாடும் மோசமான சூழலும் சேர்ந்திருக்கும். மற்றது, வளரிளம் பருவத்தில் கூட்டாளிகளோடு தொடங்கி இருபதுகளில் தானாக ஓய்வது. இதில்தான் பெரும்பான்மை. ஒரே கத்திக்குத்து வழக்கில் இரண்டு தடத்துப் பிள்ளைகளும் அருகருகே நிற்கலாம். இருவருக்கும் ஒரே சிகிச்சை, ஒரே தண்டனை என்றால் ஒருவருக்காவது அது பொருந்தாது.

கூட்டாளிகளின் விளைவை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட சோதனையில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியாகவும் நண்பர்கள் முன்னிலையிலும் ஆடவைத்தார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது 13 முதல் 16 வயதினர் ஆபத்தைத் தேடியது ஏறத்தாழ இரு மடங்கானது. 24 வயதைக் கடந்தவர்களிடம் மாற்றமே இல்லை. அமைதியான அறையில் உட்காரவைத்துக் கேட்டால் பதினாறு வயதுப் பிள்ளை பெரியவர் அளவுக்கே நியாயம் பேசும். கோபமும் பார்வையாளர்களும் சேரும்போது அந்தத் திறன் கைகொடுப்பதில்லை. 'அவனுக்கு நல்லது கெட்டது தெரியாதா' என்று நீதிமன்றத்தில் கேட்பவர்கள் முதலாவதை மட்டும் அளக்கிறார்கள்.

வன்கொடுமைக்கு ஆளான பிள்ளைதான் வன்முறையாளராகும் என்ற பேச்சிலும் கவனம் தேவை. கேத்தி விடம் 1989இல் வெளியிட்ட ஆய்வில், வன்கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான 908 பிள்ளைகளும் ஆளாகாத 667 பிள்ளைகளும் ஒப்பிடப்பட்டார்கள். வன்முறைக் குற்றத்துக்குக் கைதானவர்கள் முதல் குழுவில் சுமார் 11 விழுக்காடு, இரண்டாவதில் சுமார் 8 விழுக்காடு. வித்தியாசம் உண்மையானது. ஆனால் கொடுமைக்கு ஆளானவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்தப் பக்கம் போகவில்லை. துன்பப்பட்ட பிள்ளையை நாளைய கொலையாளியாகப் பார்ப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

கணினி விளையாட்டுதான் காரணம் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கமே 2020இல் அப்படிச் சொல்லாதீர்கள் என்று தீர்மானம் போட்டது. இதில் இதற்கு மேல் நேரம் செலவிட வேண்டாம்.


பதில்: தொடுவானம்

ஆழிமணல் எழுதியதோடு உடன்படுகிறேன். 'முன்கூட்டியே தெரியுமா' என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பள்ளிகள் அதிகம் தவறுவது இங்கேதான்.

ஆளைக் கணிப்பது இயலாது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 10,000 மாணவர்களில் 5 பேர் பிற்காலத்தில் கடும் வன்முறையில் இறங்குவார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் ஒரு சோதனை நம்மிடம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம் (அப்படி ஒன்று எங்கும் கிடையாது). அந்த ஐவரில் நான்கைந்து பேரை அது பிடிக்கும். கூடவே, எதுவும் செய்யப்போகாத சுமார் 1,000 பேரையும் 'ஆபத்து' என்று முத்திரை குத்தும். அந்த ஆயிரம் பேரும் வகுப்பில் ஒதுக்கப்படுவார்கள். ஒதுக்கப்படுவதே ஆபத்தைக் கூட்டும் காரணி.

நாடு முழுமைக்கும் இப்படிக் கணிக்கப் போனதன் விளைவு அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. 1995இல் அரசியல் அறிவியலாளர் ஜான் டிலூலியோ, இரக்கமற்ற சிறுவர்களின் அலை ஒன்று வரப்போகிறது என்று எழுதினார். மாநிலங்கள் அவசரமாகச் சட்டங்களைக் கடுமையாக்கிச் சிறுவர்களைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு அனுப்பத் தொடங்கின. அலை வரவில்லை. சிறுவர் வன்முறைக் கைதுகள் 1994இலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தன. அந்தச் சட்டங்களால் உள்ளே போன பிள்ளைகள் பலர் நடுவயதை எட்டும்வரை வெளியே வரவில்லை.

ஆளைக் கணிக்க முடியாது. திட்டத்தைக் கவனிக்க முடியும். அமெரிக்க ரகசியச் சேவையும் கல்வித் துறையும் சேர்ந்து 2002இல் முடித்த ஆய்வில் 37 பள்ளித் தாக்குதல்களையும் 41 தாக்குதல்காரர்களையும் ஆராய்ந்தார்கள். நூற்றில் 81 சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் சக மாணவர்கள். நூற்றில் 93 தாக்குதல்காரர்களின் நடத்தை அதற்கு முன்பே யாரையாவது கவலைப்பட வைத்திருந்தது. பொதுவான ஆளமைப்பு எதுவும் கிடைக்கவில்லை. நன்றாகப் படித்தவர், பின்தங்கியவர், தனிமையில் இருந்தவர், நண்பர்களோடு இருந்தவர், எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

இதிலிருந்து வந்த நடைமுறைதான் அச்சுறுத்தல் மதிப்பீடு. வர்ஜீனியாவில் டூயி கார்னெல் 2001 முதல் உருவாக்கிய வழிமுறை பரவலாகப் பயன்படுகிறது. பள்ளிக்குள் நிரந்தரக் குழு ஒன்று வேண்டும்: முடிவெடுக்கும் அதிகாரமுள்ள தலைமையாசிரியரோ துணையோ, மனநல ஆலோசகர், அந்தப் பிள்ளையை அன்றாடம் பார்க்கும் ஆசிரியர், தேவைப்பட்டால் காவல்துறைத் தொடர்பு அலுவலர். 'கொன்னுடுவேன்' என்ற சொல் காதில் விழுந்தவுடன் செய்ய வேண்டியவை வரிசையாக:

சொன்ன வார்த்தையை அப்படியே, எழுத்து மாறாமல், சொன்ன இடம், நேரம், கேட்டவர்களோடு எழுதிவைக்க வேண்டும். 'மிரட்டினான்' என்று சுருக்கினால் பிறகு எதையும் மதிப்பிட முடியாது. அடுத்து, சொன்ன பிள்ளை, இலக்கானவர், பார்த்தவர்கள் மூவரையும் தனித்தனியே அன்றே கேட்க வேண்டும். இது கோபத்தில் வந்து அடங்கிய சொல்லா, இன்னும் நிற்கும் எண்ணமா என்று பிரிப்பதுதான் மையம். திட்டம், ஆயுதம் தேடியது, கூட்டாளி சேர்த்தது, நாள் குறித்தது, ஒத்திகை, 'அன்று வராதே' என்று நண்பனை எச்சரித்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது நிற்கும் எண்ணம். அடங்கிய சொல் என்றால் மன்னிப்பு, சமரசம், பதிவு என்று அன்றே முடியும். பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன.

நிற்கும் எண்ணம் என்றால் உடனே இலக்கானவருக்கும் அவர் பெற்றோருக்கும் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஆயுதம் இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் என்று இரு தரப்புப் பெற்றோரிடமும் நேராகக் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கூசி விடுகிறவர்கள் அதிகம். தற்கொலை எண்ணத்தையும் கேட்க வேண்டும். இப்படித் தாக்கியவர்களில் பலர் அதற்கு முன்பே சாக நினைத்தவர்கள். பிறகு, பொறுப்பாளர் பெயரோடும் அடுத்த சந்திப்புத் தேதியோடும் எழுத்தில் ஒரு திட்டம். முதல் மாதத்தில் வாரம் ஒருமுறையாவது பார்ப்பது.

எங்கே சறுக்கும்? பள்ளியை விட்டு நீக்குவதில். நீக்கியதும் குழு கலைந்துவிடும், கவலை தீர்ந்ததாகத் தோன்றும். ஆனால் பிள்ளை இப்போது மனக்குறையோடு, நாள் முழுதும் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. நீக்கித்தான் ஆக வேண்டும் என்றாலும் கண்காணிப்பும் சந்திப்பும் நிற்கக் கூடாது.


கரைவேலி:

மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி. தெரிந்த மாணவர்கள் ஏன் சொல்வதில்லை?


தொடுவானம்:

மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சும்மா சொல்கிறான் என்று நினைக்கிறார்கள். சொன்னால் நண்பனின் வாழ்க்கை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். முன்பு ஒருமுறை சொன்னபோது ஆசிரியர் அலட்சியப்படுத்தியதையோ, சொன்னவர் பெயரை வெளியே விட்டதையோ பார்த்திருக்கிறார்கள். கடைசிக் காரணம் முழுக்கப் பள்ளியின் கையில் இருக்கிறது. முதல் புகாரைக் கையாளும் விதத்தைப் பொறுத்தே இரண்டாவது வரும். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. 'பாதுகாப்புக்குத் தேவையானவர்களுக்கு மட்டும் சொல்வேன், அவர்கள் யார் யார் என்று உன்னிடமும் சொல்வேன்' என்பதே காப்பாற்றக்கூடிய வாக்கு.


பதில்: முள்முருங்கை

நடந்த பிறகு என்ன என்பதற்கு வருகிறேன்.

1993இல் லிவர்பூல் அருகே பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் இரண்டு வயதுக் குழந்தையைக் கடத்திக் கொன்றார்கள். பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. தீர்ப்புக்குப் பின் பெயர்களையும் படங்களையும் வெளியிட நீதிபதி அனுமதித்தார். 1999இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்த வயதில் அப்படியோர் அரங்கில் அவர்களால் விசாரணையில் உண்மையாகப் பங்கேற்க முடியவில்லை, அது நியாயமான விசாரணை இல்லை என்று தீர்ப்பளித்தது. 1994இல் நார்வேயின் திரோன்ஹெய்மில் ஐந்து வயதுச் சிறுமி, ஏறத்தாழ அதே வயதுச் சிறுவர்கள் தாக்கியதில் இறந்தாள். அங்கே குற்றப்பொறுப்பு வயது, அதாவது அதற்குக் கீழுள்ளவர்மேல் குற்ற வழக்குத் தொடுக்க முடியாத வரம்பு, 15. வழக்கு இல்லை, பெயர்கள் வெளிவரவில்லை. சிறுவர்கள் உளவியலாளர் துணையோடு விரைவிலேயே மழலையர் பள்ளிக்குத் திரும்பினார்கள். வயதும் சூழலும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் ஓராண்டு இடைவெளியில் இரண்டு நாடுகள் தங்களிடமே கேட்டுக்கொண்ட முதல் கேள்வி வெவ்வேறாக இருந்தது: ஒன்று 'இவர்கள் யார்' என்றது, மற்றது 'இனி இந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது' என்றது.

லிவர்பூல் வழக்கில் இருவரும் 2001இல் விடுவிக்கப்பட்டார்கள். ஒருவர் பின்னர் வேறு குற்றங்களுக்காக மீண்டும் சிறை சென்றார். சேர்ந்து செய்த ஒரே குற்றத்துக்குப் பிறகும் இருவரின் பாதை ஒன்றாக இல்லை. செய்த செயலின் கொடூரத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இது போதும்.

குற்றப்பொறுப்பு வயது: இங்கிலாந்தில் இன்றும் 10. ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2019இல் குறைந்தது 14 என்று சொன்னது. வயதைக் குறைத்தால் பிள்ளைகள் பயந்து அடங்குவார்கள் என்பதை டென்மார்க் சோதித்தே பார்த்தது. 2010இல் 15இலிருந்து 14ஆகக் குறைத்து, 2012இல் மீண்டும் 15ஆக்கியது. 14 வயதினரின் குற்றம் குறையவில்லை. அந்த வயதில் வழக்குக்குள் வந்த பிள்ளைகள் மீண்டும் குற்றம் செய்வதுதான் கூடியது.

பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றுவதன் விளைவும் தெரிந்ததே. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆதரவில் இயங்கிய நிபுணர் குழு 2007இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அப்படி மாற்றப்பட்டவர்கள், சிறுவர் அமைப்பிலேயே வைக்கப்பட்டவர்களைவிட வன்முறைக்காக மீண்டும் கைதானது சுமார் 34 விழுக்காடு அதிகம். மக்கள் பாதுகாப்புக்காக என்று சொல்லிச் செய்தது பாதுகாப்பைக் குறைத்தது. சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளை விட்டு மிரட்டவைக்கும் நிகழ்ச்சிகளும் அப்படியே. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால்கூட விளைவு இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன.

அப்படியானால் எது வேலை செய்கிறது? குடும்பத்தோடு வாழும் பிள்ளை என்றால் பன்முகக் குடும்ப சிகிச்சை (Multisystemic Therapy), அதாவது பிள்ளையோடு குடும்பம், பள்ளி, கூட்டாளிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிப்பது. ஒரு சிகிச்சையாளருக்கு ஒரே நேரத்தில் நான்கு முதல் ஆறு குடும்பங்கள்தான். மூன்று முதல் ஐந்து மாதம். சந்திப்பு வீட்டில், பள்ளியில். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் ஆள் கிடைக்க வேண்டும். செலவைக் குறைக்க ஒருவருக்குப் பதினைந்து குடும்பம் என்று ஏற்றினால் பெயர் மட்டும் மிஞ்சும். இங்கிலாந்தில் 2018இல் வெளிவந்த பெரிய சோதனையில் இது வழக்கமான சேவையைவிட மேலாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஓரளவு நல்ல சேவை இருக்கும் இடத்தில் புதிய பெயர்ப்பலகையால் பெரிய மாற்றம் வராது.

மிகக் கடினமான பிள்ளைகளுக்கு விஸ்கான்சின் மாநிலத்தின் மென்டோட்டா சிறுவர் சிகிச்சை மையத்தைப் பாருங்கள். 1995இல் தொடங்கியது. மற்ற காப்பகங்கள் சமாளிக்க முடியாதென்று அனுப்பியவர்களே அங்கே வந்தார்கள். அடிப்படை விதி: பிள்ளையின் இன்றைய நடத்தை நாளைய சலுகையைத் தீர்மானிக்கும்; நேற்றைய குற்றம் நாளையைப் பூட்டாது. தண்டனை கூடினால் எதிர்ப்பு கூடும், எதிர்ப்பு கூடினால் தண்டனை கூடும் என்ற ஏணியிலிருந்து இருதரப்பையும் இறக்குவதே நோக்கம். அங்கே சிகிச்சை பெற்றவர்களையும் பெறாத ஒத்த குழுவையும் மைக்கேல் கால்டுவெல் பின்தொடர்ந்தார். ஒப்பீட்டுக் குழுவினர் வெளியே வந்தபின் 16 பேரைக் கொன்றார்கள். சிகிச்சை பெற்றவர்கள் ஒருவரையும் கொல்லவில்லை. இரக்கமே இல்லாதவன், திருத்த முடியாது என்று கைவிடப்பட்ட பிள்ளைகள் இவர்கள். தண்டனைக்கு அசையாத பிள்ளைகள் பரிசுக்கும் நிலையான உறவுக்கும் அசைகிறார்கள்.

கெட்டுப்போகும் இடம் ஒன்று: பத்துப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து ஆலோசனைக் குழு நடத்துவது மலிவு என்பதால் எல்லாரும் அதைச் செய்கிறார்கள். ஆய்வாளர்கள் டிஷியனும் மெக்கார்டும் 1999இல் எச்சரித்தபடி, ஒருவர் சொல்லும் குற்றக்கதைக்கு மற்றவர்கள் சிரிக்கும் சிரிப்பே அங்கே பயிற்சியாகிவிடுகிறது.

இன்னொன்று, பெரியவர்கள் ஏவிய குற்றங்கள். தண்டனை குறைவு என்பதற்காகவே கும்பல்கள் சிறுவர் கையில் ஆயுதத்தைக் கொடுக்கின்றன. பிடிபட்ட பிள்ளையோடு விசாரணை நின்றால் அடுத்த பிள்ளை தயாராகிவிடும். தொலைபேசிப் பதிவு, பணம் வந்த வழி, ஆயுதம் வந்த வழி மூன்றையும் தேடி ஏவியவர்மேல் தனி வழக்குப் போடுவது காவல்துறையின் பொறுப்பு.


பதில்: வெள்ளெருக்கு

இத்தனை நீளமான பதில்களில் கொல்லப்பட்டவரின் வீட்டாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மக்கள் கோபப்படுவது இதனால்தான், அந்தக் கோபம் நியாயமானது. மூளை வளர்ச்சி, குழந்தைப் பருவம் என்று குற்றம் செய்த பிள்ளைக்காக நான்கு நிபுணர்கள் பேசும்போது, பிள்ளையை இழந்த தாய் வழக்குத் தேதியைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். சமூகத்தின் பொறுப்பு என்றால் முதலில் அவரிடம் இருந்து தொடங்க வேண்டும்.

அதற்கும் வேலைப்பட்டியல் உண்டு. முதல் நாளிலிருந்து கடைசி வரை மாறாத ஒரே தொடர்பு அலுவலர். ஊடகத்துக்குப் போகும் எந்தத் தகவலும் குடும்பத்துக்கு முதலில் போக வேண்டும். ஈமச்செலவும் வருமான இழப்பும் வழக்கு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. இறந்தவரின் உடன்பிறந்தவர்களுக்கும் நேரில் பார்த்த பிள்ளைகளுக்கும் ஆலோசனை. அதுவும் முதல் மாதத்தோடு முடியாமல், ஓராண்டு நினைவுநாள், விசாரணை, விடுதலை ஆகிய நாட்களை ஒட்டி மீண்டும். சம்பவக் காணொளி பரவினால் அதை நீக்கக் கோரும் வேலையைக் குடும்பத்தின் தலையில் போடாமல் ஓர் அலுவலகம் செய்ய வேண்டும். விடுதலைத் தேதியையும் நிபந்தனைகளையும் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும்.

சந்திப்பு, மன்னிப்பு என்று வரும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. கடும் வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்டவர் தாமாகக் கேட்டால் மட்டுமே. இரு தரப்பையும் தனித்தனியே மாதக்கணக்கில் தயார்ப்படுத்திய பிறகே. நீதிமன்றச் சலுகைக்காக எழுதவைத்த மன்னிப்புக் கடிதத்தை அந்தக் குடும்பத்தின் கையில் கொடுக்கவே கூடாது.


முள்முருங்கை:

வெள்ளெருக்கு சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதோடு கரைவேலியின் மூன்றாவது கேள்வியையும் இணைக்கிறேன். பிள்ளை பொறுப்பேற்பது என்றால் நடைமுறையில் இவை: என்ன செய்தேன் என்பதைச் சாக்கு இல்லாமல், படிப்படியாக, தன் வாயால் சொல்ல முடிவது, அதனால் யார் யாருக்கு என்னவெல்லாம் போயிற்று என்று அறிந்திருப்பது, எந்தச் சூழலில் மீண்டும் அந்த நிலைக்குப் போகக்கூடும், அப்போது என்ன செய்வேன் என்று எழுதிவைத்திருப்பது. இதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகள். நீதிமன்றத்தில் முதல் வாரத்தில் கண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது இதை அளக்காது.

அந்த வறண்ட முகத்துக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். காவலில் உள்ள சிறுவர்களைச் சோதித்த பிரிட்டன் ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மொழித்திறன் குறைபாடு இருந்தது, அதுவும் பெரும்பாலும் முன்பு கண்டறியப்படாதது. கேட்ட கேள்வி புரியாமல் தோளைக் குலுக்குவது, 'தெரியாது' என்று மட்டும் சொல்வது, திமிராகவும் வருத்தமின்மையாகவும் பதிவாகிறது. விசாரணைக்கு முன் பேச்சு-மொழிச் சோதனை, சிறு வாக்கியக் கேள்விகள், 'புரிந்ததா' என்று கேட்காமல் 'நான் சொன்னதை உன் வார்த்தையில் சொல்' என்று கேட்பது, இத்தனையும் முதல் நாளிலேயே நடக்க வேண்டும். பொய்யாக ஒப்புக்கொள்வதும் இதனால் குறையும்.


பதில்: ஆழிமணல்

திரும்பி வருகிற பிள்ளையை ஏற்கும் இடத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். சியரா லியோனில் உள்நாட்டுப் போர் முடிந்தபின், கொலைகள் செய்தவர்கள் உட்படக் குழந்தைப் போராளிகள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். போர்க்குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றத்துக்கு 15 வயதை எட்டியவர்கள்மீது அதிகாரம் இருந்தும், தலைமை வழக்குரைஞர் டேவிட் கிரேன் சிறுவர்கள்மேல் வழக்குத் தொடுப்பதில்லை என்று முடிவெடுத்து, அவர்களை ஆயுதமேந்த வைத்தவர்கள்மேல் தொடுத்தார். தெரசா பெட்டன்கோர்ட் அந்தச் சிறுவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். போரில் என்ன செய்தார்கள் என்பதோடு, திரும்பிய பின் குடும்பமும் ஊரும் ஏற்றுக்கொண்டதா, பள்ளிக்குப் போக முடிந்ததா என்பதும் அவர்கள் எப்படி ஆனார்கள் என்பதை நிர்ணயித்தது.

எனவே விடுதலைக்கு ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்: தங்குமிடம் எழுத்தில் உறுதியாக வேண்டும். பழைய கூட்டாளிகள் வீட்டுக்கு எத்தனை தெரு தள்ளியிருக்கிறார்கள் என்று பார்த்துத் தேவையானால் இடம் மாற்ற வேண்டும். பள்ளிச் சேர்க்கையோ வேலைப் பயிற்சியோ வெளியே வந்த மறுவாரமே தொடங்க வேண்டும். இடைவெளி மூன்று மாதம் ஆனால் பழைய கூட்டம்தான் அதை நிரப்பும். மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் கையில் ஒரு மாத மருந்தும் வெளி மருத்துவரின் பெயரும் தேதியும். உள்ளே நம்பிக்கை பெற்ற ஊழியர் ஒருவர் குறைந்தது மூன்று மாதம் வெளியிலும் தொடர வேண்டும். பெரும்பாலான அமைப்புகளில் வாயிற்கதவோடு அந்த உறவை நிர்வாக விதி வெட்டிவிடுகிறது, பணம் எதுவும் மிச்சமாவதில்லை.

ஒவ்வொரு வழக்கும் முடிந்தபின் பள்ளி, மருத்துவமனை, காவல், குழந்தை நலத்துறை ஆகியவற்றின் கோப்புகளை ஒரே மேசையில், தேதி வரிசையில் வைத்துப் பார்க்கும் ஆய்வும் வேண்டும். யார்மேல் பழி போடுவது என்று தேடினால் கோப்புகள் மறைந்துவிடும். எந்தத் தேதியில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, அடுத்த அலுவலகத்துக்கு அது ஏன் போகவில்லை என்ற இரண்டு கேள்விகள் போதும். வாசிப்பு வட்டத்தில் உள்ள ஆசிரியர்கள் இந்த வாரமே செய்யக்கூடியதும் இதன் சிறு வடிவம்தான். உங்கள் பள்ளியில் கடந்த ஆண்டு கவலை எழுப்பிய பிள்ளைகளின் குறிப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 'அடுத்து யார் பார்த்தார்' என்ற இடம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.